சிவப்புக் கிளிப்

ஞாயிறு, காலை

அன்புள்ள மைத்துனனுக்கு,

இங்கே நானும் உன் அக்காவும் நலம். உன் இடது கண்ணாவது தெளிவாக இருக்கிறதா என்று அறிய ஆவல். இந்தக் கடிதத்தையும் உன் மகள்தான் உனக்குப் படித்துக் காட்டப்போகிறாள். அவள் குழம்பக் கூடாது என்பதற்காக, எழுதப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. பட்டறையில் இருக்கும் நம் ஐந்து விளையாட்டு மெஷின்களின் இன்றைய நிலை.
2. அவற்றைக் கொடுத்துவிடச் சொல்லி உன் மகள் எழுதியதற்கு என் பதில்.
3. அன்று சிவப்புக் கிளிப் மாட்டுவதற்கு முன்பே நீ டியூபில் கை வைத்துவிட்டதைப் பற்றி, இனியும் நீ மனம் உடைய வேண்டாம் என்பது.
4. ஒரு வேண்டுகோள்.

நீ இந்நேரம் சிரித்திருப்பாய். "அத்தான் காதல் கடுதாசி எழுதினாலும் நம்பர் போட்டுத்தான் எழுதுவாரு" என்று ஒருமுறை உன் அக்காவிடம் சொன்னாய். அவள் இல்லையென்று மறுக்கவில்லை.

மெஷின்களைப் பற்றி. கார் பந்தயம் ஓடுகிறது. ஆனால் திரையில் பச்சை நிறம் மட்டும் ஒரு நூல் அளவு விலகி நிற்பதால் எல்லாக் கார்களுக்கும் பச்சைக் கரை விழுகிறது. நீ இருந்தால் அரை மணியில் சேர்த்துவிடுவாய். நான் மூன்று நாள் திருகிப் பார்த்து, விலகல் இரண்டு நூலானதும் பழையபடி வைத்துவிட்டேன். விமானம் சுடும் மெஷினில் பட்டன் அமுங்கினால் எழுவதில்லை. புதிர்ப்பாதை மெஷினை அணைத்தாலும் அதன் சந்துகள் மங்கலாகத் திரையில் தெரிகின்றன. இருபது வருடம் ஏதோ ஒரு கூடத்தில் ஒரே படத்தைக் காட்டியபடி நின்ற டியூப், அதற்கு மறக்கத் தெரியவில்லை. நான்காவதற்கு இன்னும் போர்டு கிடைக்கவில்லை. ஐந்தாவது, அன்று நாம் பிரித்தது. டியூப் இருந்த இடம் ஓட்டையாக இருக்கிறது. உள்ளே பார்த்தால் பின்சுவர் தெரியும். அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டுவைத்திருக்கிறேன்.

இரண்டாவது விஷயம். உன் மகள் கேட்டதில் தப்பில்லை. பட்டறையைப் பூட்டிவிடுங்கள் மாமா, அப்பா மறுபடி அந்தப் பக்கமே வரக்கூடாது என்று எழுதியிருந்தாள். அவள் பயம் எனக்குப் புரிகிறது. பக்கத்து ஊரில் விளையாட்டுக் கூடம் வைத்திருப்பவர் வந்து பார்த்தார். அன்றும் பட்டறைக்கு வந்திருந்தாரே, அவர்தான். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் எதற்குத்தான் யோசிக்காமல் சொல்லியிருக்கிறேன்?

அவள் அதே கடிதத்தில் வேறு சிலவும் எழுதியிருந்தாள். உன்னை அடுப்புப் பக்கம் விடுவதில்லையாம். மின்விசிறியின் ஸ்விட்சை மாற்றுகிறேன் என்று நீ கேட்டதற்கு, ஆள் வைத்து மாற்றிவிட்டார்களாம். முன்பெல்லாம் "கிளிப் இருந்துச்சு, நான் பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் இப்போது சொல்வதில்லையாம். "எனக்குத்தான் ஞாபகம் பிசகிடுச்சு போல" என்கிறாயாம். மறதிக்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், அப்பா ஒத்துக்கொண்டதே நிம்மதி என்று முடித்திருந்தாள். அந்தக் கடைசி வரியிலேயே நான் நின்றுவிட்டேன். கடிதம் வந்து பதினாறு நாளாகிறது. "பதில் எழுதினீங்களா" என்று உன் அக்கா தினமும் கேட்கிறாள்.

இனி மூன்றாவது. இதை உன் மகளுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய பிக்சர் டியூபுக்குள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும். கம்பி கட்டிய ஸ்க்ரூ டிரைவரை அதன் ரப்பர் மூடிக்குள் நுழைத்துத் தொட்டால் 'சட்' என்ற சத்தத்தோடு இறங்கிவிடும். ஆனால் முழுவதும் இறங்காது. மிச்சம் மெல்ல மெல்ல மறுபடி சேரும். அதனால் முதல் தடவை இறக்கியதும் துணி காயப்போடும் கிளிப்பில் வெள்ளை ஒன்றை மாட்டுவோம். பத்து நிமிடம் கழித்து இரண்டாம் தடவை இறக்கிவிட்டுச் சிவப்புக் கிளிப். சிவப்பைப் பார்த்தபின்தான் கை வைக்கலாம். கிளிப் மாட்டுவது என் வேலை, டியூபைத் தூக்குவது உன் அப்பாவின் வேலை.

இந்த விதி நான் செய்தது. பதினோரு வருடம் நீ அதைக் கேலி செய்தாய். ஆனால் ஒருமுறைகூட, சிவப்பைப் பார்க்காமல் நீ விரலை நீட்டியதில்லை.

இந்த வாக்கியத்தை எழுதியபின் வெகுநேரம் பேனாவை மூடிவைத்திருந்தேன்.

அன்று வெள்ளைக் கிளிப் மாட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூடக்காரர் எதற்குக் காத்திருக்கிறோம் என்று கேட்டார். நீ, "எங்க அத்தான் தண்ணி குடிக்கிறதுக்கு முன்னாடியும் பத்து நிமிஷம் பொறுப்பாரு சார்" என்றாய். அவர் சிரித்தார். நீ நூறு தடவை சொன்ன ஜோக்தான் அது, வெளியாள் முன்னால் சொன்னது அதுவே முதல் தடவை. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது. இரண்டாம் தடவை இறக்காமலேயே சிவப்புக் கிளிப்பை மாட்டிவிட்டேன். நேரம் குறித்துவைக்கும் நோட்டில் பத்து நிமிடம் என்றும் எழுதினேன்.

நீ சிவப்பைப் பார்த்தாய். தலையை ஆட்டிவிட்டுக் கை வைத்தாய். மின்சாரம் தாக்கி உதறிய கையிலிருந்து டியூப் நழுவித் தரையில் வெடித்தது. பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தது உன் தப்பு, அதை நான் மறைக்க மாட்டேன். மற்றதெல்லாம் என்னுடையது.

கூடக்காரர் உன்னைத் தாங்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினார். நான் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே கிடந்த சிவப்புக் கிளிப்பைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தேன். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, சிவப்பு மாட்டவே இல்லை, அவசரப்பட்டுவிட்டான் என்றேன். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. இத்தனை வருடம் ஒழுங்காக இருந்ததெல்லாம் அந்த ஒரு பொய்க்குப் பயன்பட்டது.

ஆகவே, தொடக்கப் பட்டியலில் மூன்றாவதாக நான் எழுதியிருப்பது தவறு. நீ முந்தவில்லை. கிளிப் இருந்தது. நீ பார்த்தது சரி. முதல் தாளைக் கிழித்துவிட்டு ஒழுங்காக எழுதலாம்தான். ஆனால் மறுபடி எழுத உட்கார்ந்தால் இந்தத் தாளை விட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் அடிக்காமல் அப்படியே அனுப்புகிறேன்.

நான்காவது, வேண்டுகோள். அது உன் மகளுக்கு. அம்மா, உறைக்குள் ஒரு சிவப்புக் கிளிப் இருக்கிறது. அதை அப்பாவின் கையில் கொடு. மூன்றாவது விஷயத்தை அவருக்கு மெதுவாக இன்னொரு தடவை படித்துக் காட்டு. மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேசு. அடுத்த ஸ்விட்சை அவரே மாற்றட்டும். பிறகு என்னை என்ன சொல்ல வேண்டுமோ சொல்.

மைத்துனா, நீ நன்றாக இருக்க வேண்டும். அதற்குமேல் எதையும் கேட்கும் இடத்தில் நான் இல்லை.

உன் அக்காவிடம் இன்னும் சொல்லாத
உன் அத்தான்