ஈஸ்ட்டில் இல்லாத புரதம்

மார்ச் 4, திங்கள்
இன்றும் துளை உருவாகவில்லை. ஈஸ்ட் செல்லின் உட்கருச் சுவரில் ஒரு துளை உருவாக முப்பது வகைப் புரதங்கள் வந்து சேர வேண்டும். அதில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுப் பார்க்கிறேன். மற்றவை வருகின்றன, குவிகின்றன, அப்படியே நின்றுவிடுகின்றன. எதற்குப் பின் எது வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. மைக்ரோஸ்கோப் அறையில் ஏசி வேறு மக்கர். எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

மார்ச் 10, ஞாயிறு
அரியாங்குப்பத்தில் அக்கா வீடு. அவள் மகள் பூர்ணிமாவுக்கு நாலு வயது. கதவில் விரல் நசுங்கி வீறிட்டாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான்டி, அழுத்தக்காரி" என்று அக்கா சிரித்தாள். பிள்ளை இளைத்துக் கறுத்துப் போயிருக்கிறது. சாப்பிட்டதையும் கக்குகிறது. வெயில் என்கிறார்கள்.

மார்ச் 19, செவ்வாய்
காலையில் பாப்பாவுக்கு வலிப்பு. ரத்தத்தில் சர்க்கரையே இல்லையாம். ஐசியூ. அக்கா வீட்டுக்காரர், மாமா, சேதராப்பட்டு கம்பெனியிலிருந்து யூனிஃபார்மோடு ஓடிவந்தார். ஐயோ, எனக்கு ஒன்னும் ஓடல.

ஏப்ரல் 24, புதன்
மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது. பாப்பாவைப் பார்க்கும் டாக்டர் சரிதா விளக்கினார். பழுது, உட்கருத் துளையில் இருக்க வேண்டிய ஒரு புரதத்தில்! பூர்ணிமாவின் செல்களில் துளை உருவாகிறது. அந்தப் புரதம் மட்டும் தன் இடத்தில் போய் உட்காராமல் வெளியிலேயே அலைகிறது. அதனால்தான் கண்ணீர் இல்லை, விழுங்க முடியவில்லை, உயிருக்கு வேண்டிய ஒரு ஹார்மோனும் சுரக்கவில்லை.
அக்கா முகம் மலர்ந்துவிட்டது. "நீ இதத்தானடி படிக்கிற? அப்ப சரி பண்ணிடலாம்ல?"
ஈஸ்ட்டுல அந்தப் புரதமே கெடையாதுக்கா. எப்படிச் சொல்வேன்?

ஏப்ரல் 26, வெள்ளி
அம்மாவிடம் டாக்டரே சொல்லிவிட்டார். அக்கா தாய்மாமனைக் கட்டியதில், ஒரே குடும்பத்துப் பழுது இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்துவிட்டது. அம்மா சுவரைப் பார்த்தபடி, "எந் தம்பிக்குத்தான குடுத்தேன். வெளியில குடுத்தா என்னா பாடுபடுத்துவாங்களோன்னுதான குடுத்தேன்" என்றாள். யாரைத் திட்டுவது? மாமா இன்றுவரை அக்காவை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை.

மே 9, வியாழன்
சுரக்காத ஹார்மோனுக்குப் பதிலாக மாத்திரை, தினமும், ஆயுசுக்கும். காய்ச்சல் வந்தால் உடனே கூட்டிக் கொடுக்க வேண்டும். விட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்ல அக்கா தலையாட்டினாள். பயத்தில் எதுவும் காதில் ஏறவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. வெளியே வந்ததும், "நீ கூடவே இருடி. எனக்குத் தெரியாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்படி இருப்பேன்?

ஜூன் 2, ஞாயிறு
பாப்பாவின் கண் காயாமலிருக்க விட்ட சொட்டுமருந்து கன்னத்தில் வழிந்தது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "சித்தி, நான் அழுவுறேன்!" என்று ஒரே சிரிப்பு.

ஜூலை 18, வியாழன்
ஈஸ்ட்டிலிருந்து எடுத்த புரதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நின்றிருந்த இடத்திலிருந்து மற்றவை வரிசையாக வந்து சேர்ந்து, துளைகள் உருவாகிவிட்டன. என் கைடு புருஷோத்தமன் சார் கைகுலுக்கினார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஈஸ்ட்டுக்குக் குடுக்க முடியுது, எங்க வூட்டுப் புள்ளைக்கு முடியல. என்ன படிப்பு படிச்சுக் கிழிச்சேன்? பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.
வீட்டில் சொன்னதும் அம்மா, "அப்ப பாப்பாவுக்கு மருந்து வந்துடுமா?" என்றாள். இல்லம்மா. இல்ல.

ஆகஸ்ட் 27, செவ்வாய்
பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று மாமா கம்பெனியிலிருந்து போன் செய்தார். அக்காவைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. லேபில் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஸ்கூட்டியில் பறந்தேன். ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. வாய்விட்டுக் கத்தினேன், பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.
உள்ளே நுழைந்தால் பூர்ணிமா அக்கா மடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள். உடம்பு சுட்டதுமே அக்கா மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறாள். கக்குகிறாளா என்று கூடவே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்ததால்தான் என் போனை எடுக்கவில்லையாம். அவசர ஊசி கையெட்டும் இடத்தில் தயாராக இருந்தது.
"ஏன்டி இப்படித் தலதெறிக்க ஓடியாந்த? சாப்டியா?"
அங்கே நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அக்கா தோசை ஊற்றினாள். நாலு தின்றேன்.