மூன்றாம் மாடியின் எட்டு டம்ளர்

மந்தைவெளி
11-8-2025

அன்பு மகள் தாரணிக்கு, சித்தப்பா நல்லசிவம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் கை கால் அசைய, மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறோம், கிளாஸ்கோ குளிரில் நீயும் அப்படியே இருக்க கபாலீஸ்வரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நம் தெரு முனையில் மெட்ரோ ரயிலுக்குத் தோண்டுகிற பள்ளம் பாதாள லோகத்தைத் தொட்டுவிட்டது, இன்னும் நாலு அடி தோண்டினால் உன் ஆபீஸ் வாசலில் வந்து எட்டிப் பார்ப்பார்கள். தென்காசியில் உன் அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறதாம், அதைக் கொண்டாட அண்ணன் கால் கிலோ அல்வா வாங்கியதும் எனக்குத் தெரியும். நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது. இனி கோபம். வாட்ஸப்பில் சொன்னால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் என்ன சொன்னாய் நீ? சித்தப்பா, தி.நகர்க் கடைப் பெண்களைப் பற்றிய என் ஆராய்ச்சியில் உங்கள் கடை மூன்றாம் மாடி ஓர் அதிசயம், அந்தத் தெருவிலேயே அதிகமாகத் தண்ணீர் குடிப்பது உங்கள் பெண்கள்தான், ஆனால் மூத்திரத் தொற்று அதிகம் இருப்பதும் அவர்களுக்குத்தான், ஆகவே தண்ணீர் காரணமில்லை, தனிநபர் சுகாதாரப் பழக்கம்தான் காரணமாக இருக்க வேண்டும், அப்படித்தான் எழுதப் போகிறேன் என்றாய். குரலில் அவ்வளவு சந்தோஷம். நான் ம்ம் ம்ம் என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தேன். வைத்ததிலிருந்து இந்த எட்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, அதாவது இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொள்வதில்லை.

அடி படித்தவளே, நாற்பத்திரண்டு பேர் ஏழு டம்ளர், எட்டு டம்ளர், ஒன்பது டம்ளர் என்று சுருதி சேர்த்துப் பாடுகிறார்களே, உனக்குச் சந்தேகம் வர வேண்டாமா? அத்தனையும் நான் எழுதியது. ஆளுக்கு ஒரு படிவம் கொடுங்கள், அவர்களே எழுதி உறையில் போட்டு ஒட்டட்டும், நீங்கள் பக்கத்தில் நிற்காதீர்கள் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினாய். நான் யார்? பட்டுப் பிரிவுச் சக்கரவர்த்தி, பதினெட்டு வருஷமாகப் பனகல் பார்க் வட்டாரத்தையே விரல் நுனியில் ஆட்டுகிறவன். என் மாடியின் மானம் கடல் கடந்து போகிறது, அதை நாற்பத்திரண்டு பேர் கையில் ஒப்படைப்பேனா? ஒரு மத்தியானம் கிடங்கில் உட்கார்ந்து, நாலு பேனா வைத்துக்கொண்டு, எழுத்தைச் சாய்த்தும் நிமிர்த்தியும் அத்தனை பேருக்கும் நானே எழுதித் தள்ளினேன். ஒருத்திக்குப் பதினொரு டம்ளர் போட்டேன், ஓர் ஆடம்பரத்துக்காக. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய், அதில் மட்டும் பொய் இல்லை, பூஜ்யம் என்று எழுதினேன். நீயும் அதை நல்ல பழக்கம் என்ற கட்டத்தில் சேர்த்திருப்பாய். கடைப் பெண்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு முக்காலி வாங்கிப் போட்டோம், உண்மை. அதன் மேல் இப்போது பாக்ஸ் புடவை அடுக்கியிருக்கிறது, புடவைகள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் உன் ஆராய்ச்சிக்கு உதவுகிற இந்த ஊர்க் கல்லூரிக்காரர்கள் பரிசோதனைக்குக் குப்பி கொண்டுவந்தார்களே, அதை மட்டும் என்னால் நிரப்பித் தர முடியவில்லை. நிஜம் அந்தக் குப்பியில் போயிற்று, என் பொய் தாளில் போயிற்று, நீ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பெண்கள் சுத்தமில்லை என்று கண்டுபிடித்தாய். சபாஷ், நாம் இருவரும் சேர்ந்து செய்த சாதனை.

அவர்கள் ஏன் குடிப்பதில்லை என்று கேட்பாய். கடைப் பெண்களுக்கான கழிப்பறை மொட்டை மாடியில் இருக்கிறது. லிப்ட் வாடிக்கையாளர்களுக்கு, இவர்களுக்குப் படி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நாலைந்து பேராகச் சேர்ந்து போகிறார்கள், கவுண்டரில் ஆள் இல்லை என்று பெரிய முதலாளி சத்தம் போட்டார். உடனே உன் சித்தப்பாவின் மூளை சூரியனைப் போலப் பிரகாசித்தது. பித்தளையில் இரண்டு டோக்கன் அடித்தேன், மூ.மா. என்று முத்திரை போட்டேன். கையில் டோக்கன் இருந்தால்தான் மாடி ஏறலாம், திரும்பி வந்து கொடுத்தால்தான் அடுத்தவள் போகலாம். ஒரு பயணம் கால் மணி நேரம், பதினோரு மணி நேரம், இரண்டு டோக்கன், ஆளுக்கு இரண்டு முறை தாராளமாக வரும் என்று கணக்குப் போட்டு முதலாளியிடம் விளக்கினேன். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எனக்குப் பொன்னாடை. கூட்டம் நெரிகிற சாயங்கால வேளையில் இரண்டு டோக்கனும் என் சட்டைப் பையிலேயே இருக்கும் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. ஆடித் தள்ளுபடி வந்தால் நாள் முழுக்க ஒரே டோக்கன்தான். பெண்கள் என்ன செய்வார்கள்? காலையில் வீட்டில் அரை டம்ளர் காப்பி, சோற்றோடு ஒரு வாய்த் தண்ணீர், அவ்வளவுதான். யாரும் என்னிடம் முறையிட்டதில்லை, ஆகவே என் ராஜ்யத்தில் குறையே இல்லை என்று இருந்துவிட்டேன்.

தங்கத்தைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேன். சிந்தாதிரிப்பேட்டைக்காரி, பதினாறு வருஷமாக என் மாடியில் நிற்கிறாள், ஒரு காஞ்சிப் பட்டை அவள் விரித்துக் காட்டினால் வேண்டாம் என்று வந்தவர்களும் இரண்டு வாங்கிக்கொண்டு போவார்கள். ஆடி இரண்டாம் வெள்ளி, கூட்டம் கடலாகப் பொங்குகிறது, அவளுக்கு உதடு நடுங்குகிறது, கை நடுங்குகிறது. ஏசி அதிகமோ என்று கேட்டேன். ஒண்ணுமில்ல சார், இத மடிச்சிட்டு வரேன் என்றாள். மடித்தாள், ஓரம் ஓரமாகச் சரியாக மடித்து அடுக்கில் வைத்துவிட்டுத்தான் விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தொற்று கிட்னி வரை ஏறிவிட்டது, இது முதல் தடவை இல்லை, பல வருஷமாக வந்து வந்து போனதில் வலது கிட்னி சுருங்கிவிட்டது, இடதையாவது காப்பாற்ற வேண்டும், இன்னொரு தடவை இப்படி வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஏம்மா தண்ணீர் குடிப்பதில்லை என்று அந்த டாக்டரம்மா கேட்டதற்கு, குட்சா அப்பால எங்க போறது, டோக்கன் வேணும்ல என்றாளாம். எந்தக் கோயில் டோக்கன் என்று கேட்டாராம் டாக்டர்.

ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நானும் பார்க்கப் போனேன். உன் படிவ விஷயத்தை அவளிடமே சொல்லிவிட்டேன், அவள் பெயருக்கு எட்டு டம்ளர் எழுதியதையும். சிரித்தாள் தாரணி, டிரிப்ஸ் ஆட ஆடச் சிரித்தாள். இன்னா சார் நீங்க, எட்டு டம்ளரு தண்ணிய நா ஒண்ணா பாத்ததே கல்யாணப் பந்திலதான் என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அப்ப உங்க பொண்ணு ஃபாரின்ல எங்கள அழுக்குப் புட்ச்சவளுங்கன்னா எழுதப் போவுது, ரெண்டு வேள தலைக்குக் குளிக்கிறவ சார் நானு என்று கேட்டாள்.

அங்கிருந்து நேரே சின்ன முதலாளி அஸ்வினிடம் போனேன். மூன்றாம் மாடி மூலையில் அட்டைப் பெட்டி அடைத்துவைத்திருக்கிற அறை முன்பு கழிப்பறையாக இருந்ததுதான், குழாய்கூட அப்படியே இருக்கிறது, திறந்துவிடுங்கள் என்றேன். அவர் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். உன் கல்லூரிக்காரர்கள் அனுப்பிய சுருக்கம். பாருங்க அண்ணாச்சி, உங்க மாடில எல்லாரும் எட்டு கிளாஸ் குடிக்கிறாங்க, குடிச்சா போய்த்தானே ஆகணும், போறாங்கன்னுதானே அர்த்தம், பாத்ரூம் போதலைன்னு எப்படிச் சொல்றீங்க என்றார். இவர் பேச்சோடு நிற்கவில்லை, ஆளுக்கு ஒரு சோப்பும், வாழ்க்கை முறை என்ற தலைப்பில் ஒரு சொற்பொழிவும் ஏற்பாடு செய்திருக்கிறார், தினம் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்று வந்து சொல்வார்களாம், பதினோரு மணி நேரம் நிற்கிற பெண்களிடம்! வாழ்க்கை முறையாம். யாருடைய முறை, யார் வகுத்த முறை? என் சட்டைப் பையில் இருந்ததடி அந்த முறை, பித்தளையில் அடித்து, முத்திரை போட்டு. எல்லாம் நான் புனைந்தது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, இதுவும் புனைவா இருக்கலாமே அண்ணாச்சி, உங்க மக ரிப்போர்ட்ல வரட்டும், அப்ப ரூமைத் திறக்கலாம் என்றார். மறுநாளே என்னை அடித்தளத்துக்குத் துண்டு, ஜமுக்காளப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். பட்டுச் சக்கரவர்த்தி இப்போது குற்றாலத் துண்டுகளை ஆள்கிறார்.

வெற்றுப் படிவங்களை மறுபடி நகல் எடுத்தேன். நான் கேட்டால் பேச மாட்டார்கள், அதனால் உன் சித்தியை அனுப்பினேன். காலையில் கடை திறக்கும் முன் பனகல் பார்க்கில் அவள் மூன்று நாள் உட்கார்ந்தாள், ஐந்து பேர், பத்துப் பேராக வந்து எழுதிக் கொடுத்தார்கள், நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து காப்பி கலந்துகொண்டே சித்தி சொன்னாள், நானும் ஒண்ணு எழுதியிருக்கலாம். ஏன் என்றேன். முப்பது வருஷமா உங்ககூடக் கல்யாணம், கடை கண்ணி, ரயில்னு வந்திருக்கேன், ஒரு நாளாவது வழியில தண்ணி கேட்டிருக்கேனா என்றாள். உன் அப்பாவிடம்கூடப் பெருமை அடித்திருக்கிறேன், என் பெண்டாட்டிக்குத் தாகமே எடுக்காது, ஒட்டகப் பரம்பரை என்று. முப்பது வருஷம் தாரணி. எனக்கு அவசரம் என்றால் சுவர் கண்ட இடமெல்லாம் சொர்க்கம், அவளுக்கு என்ன வழி என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆண்டு அனுபவித்துவிட்டேன், போ.

இத்துடன் நாற்பத்திரண்டு உறைகள் வருகின்றன. ஒன்றையும் நான் பிரிக்கவில்லை, சித்தி மேல் ஆணை. ஒன்றில் எழுத்து கோணலாக இருக்கும், அது தங்கம் ஆஸ்பத்திரியில் வலது கையில் ஊசி இருந்ததால் இடது கையால் எழுதியது, அதைப் பொய் என்று எண்ணிவிடாதே. என் பழைய படிவங்களைக் கிழித்துப் போடு. சித்தப்பா ஏமாற்றினார் என்று உன் கட்டுரையில் எழுது, பெயர் போட்டே எழுது, எனக்குப் பொன்னாடை பழக்கம்தான். உன் மேலதிகாரி திட்டினால் வாங்கிக்கொள், மூன்று முறை சொல்லிவிட்டு ஒருமுறைகூடச் சரிபார்க்காதவள் கொஞ்சம் வாங்கலாம். திருத்திய சுருக்கத்தை அஸ்வினுக்கு நேரே அனுப்பு. பிள்ளையார் சதுர்த்தி முடிந்ததும் தங்கம் வேலைக்குத் திரும்புகிறாள், அதற்குள் அந்த அட்டைப் பெட்டி அறை திறந்திருக்க வேண்டும், அவளுக்கு மிச்சம் இருப்பது ஒரு கிட்னி.

கோபத்தில் எழுதியதை மனதில் வைத்துக்கொள், மறந்துவிடாதே. நல்லா இரு மகளே, காய்ச்சல் தலைவலி அண்டாமல், கண்ணேறு படாமல், நீ எழுதுகிற ஒவ்வொரு வரியும் நிற்கும்படி இரு. தாகம் எடுத்தால் குடி, எங்கே இருந்தாலும் குடி. சித்தி ஒரு பொட்டலம் சுக்குப் பொடி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
நல்லசிவம்
(துண்டு, ஜமுக்காளப் பிரிவு)

பி.கு.: பொட்டலத்தின் அடியில் கனமாக இரண்டு பித்தளை வில்லைகள் இருக்கும். காணவில்லை என்று கடையில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக அடிக்க நாலைந்து நாளாவது ஆகும், அதுவரை மூன்றாம் மாடியில் யாரும் யாரையும் கேட்காமல் படியேறுகிறார்கள். திருப்பி அனுப்பாதே.