ஈரமணல் பெட்டி

என் அருமைக் கழுதைக்கு,

புது ஊரும் புது வேலையும் பழகிடுச்சா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

நாம ரெண்டு பேரும் செஞ்ச பெட்டியை நேத்து இளைஞர் மாநாட்டுப் போட்டியில காட்டினேன். கரண்ட் இல்லாம, ஈரமணல் குளிர்ச்சியிலேயே ஒரு வாரம் வாடாம இருந்த தக்காளியை நடுவர்கள் அமுக்கி அமுக்கிப் பார்த்தாங்க. நீ பேச வேண்டிய இடம் வந்ததும் பழக்கத்துல பக்கத்துல திரும்பிப் பார்த்தேன். அப்புறம் உன் பங்கையும் நானே உளறிக் கொட்டினேன்.

"கூட யாரும் வரலையாம்மா?"ன்னு ஒரு நடுவர் கேட்டாங்க.

"வந்துட்டே இருக்கா மேடம்"னு வாயில வந்துடுச்சு.

நமக்குத்தான் முதல் பரிசுடி! சந்தையில காய்கறி விக்கிறவங்களுக்கு மாநாட்டுக்காரங்களே ஐம்பது பெட்டி செஞ்சு தரப்போறாங்க. சாப்பாட்டு மேசையில மத்த குழுக்களெல்லாம் ஒரே கும்மாளம். எனக்குப் பசியில்லை. பெட்டியை நானே அறைக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். அப்படி ஒண்ணும் கனமில்லை.

இந்தக் கடிதத்தோட போட்டோ வச்சிருக்கேன். "நடுவுல வந்து நில்லும்மா"ன்னு போட்டோக்காரர் ரெண்டு தடவை சொன்னார். நான் நகரலை. பெட்டிக்கு அந்தப் பக்கம் காலியா இருக்கும், பார்த்துட்டுச் சிரிக்காதே.

இப்படிக்கு,
உன் கூட்டாளி