பம்பு ‘நன்றாக ஓடுகிறது’ என்று எழுதியது நான்தான்

10/6 செவ்வாய்
கொளுத்தும் வெயில். நான் பராமரிக்கும் எஸ்டேட் கிளப் நீச்சல் குளத்தில் தண்ணீர் இளம்பச்சை. ஏழு மணிக்கு சுவிட்ச் போட்டதும் பம்பு ஒரு உறுமல், பிறகு புகை நாற்றம். நின்றுவிட்டது. பேரிங் போயிருக்கும். மோட்டார் காயிலும் கருகியிருக்கலாம்.
வாங்க வேண்டியது: குளோரின், ஸ்பேனர், வீட்டுக்காரருக்கு மூட்டுவலித் தைலம்.
சனிக்கிழமை என் நீச்சல் வகுப்பு. பதினொரு பெண் பிள்ளைகள். குளம் இல்லையென்றால் அதுகள் பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்குத்தான் போகும். அங்கே போய்த் திரும்பாத பிள்ளைகளின் பெயர் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

11/6 புதன்
அவரும் நானும் பம்பைக் கழற்றி, காரில் ஏற்றி, பத்தாங் பெர்ஜுந்தாய் டவுன் மோட்டார் கடைக்கு. கடைக்காரச் சீனர் திறந்து பார்த்துச் சிரித்தார். “இன்னும் ஒரு தடவை காயில் கட்டலாம் லா. மூணு மாசம் ஓடும். ஆபீசை புதுசு வாங்கச் சொல்லு.”
பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிறேன் என்றேன். கட்டுவதா வேண்டாமா என்று நாளைக்குச் சொல்வதாகப் பம்பை அங்கேயே விட்டு வந்தோம்.
வரும் வழியில் அவர்: “நீதான் ஒவ்வொரு தடவையும் ஓட்டிக் காட்டிடுறியே. அப்புறம் ஆபீஸ்காரன் எதுக்குப் புதுசு வாங்குவான்?”
வீட்டுக்கு வந்து சமைத்தேன். நெத்திலிச் சம்பலில் உப்பு கூடிப்போச்சு.

12/6 வியாழன்
மழை. ஆபீஸ் போனேன். புதுப் பம்பு கேட்டு மேலிடத்துக்கு எழுதியதைக் காட்டச் சொன்னேன். ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, கோப்பைத் திறந்தான். என்னைவிட இருபது வயது சின்னவன். ஒரு கடிதம்கூட இல்லை. மாதப் படிவங்கள்தான் கட்டுக்கட்டாக. ‘பம்பு: நன்றாக ஓடுகிறது.’ எல்லாம் என் கையெழுத்து. ‘நன்றாக’ வேறு. என்ன பெருமையோ எனக்கு.
“நீங்களே நல்லா ஓடுதுன்னு எழுதினா, நான் எப்படிக்கா புதுசு கேக்கிறது?”
நியாயமான கேள்வி. அதனால்தான் இன்னும் எரிச்சல்.

14/6 சனி
பிள்ளைகள் வந்து வேலியோரம் நின்றன. கரையிலேயே மூச்சுப் பயிற்சி, கை வீச்சு. ஒருத்தி, “டீச்சர், குட்டையில போய்ப் பண்ணலாமா?” அம்மாமாரிடம் சொல்லியாச்சு: குளம் சரியாகும்வரை சனிக்கிழமை பிள்ளைகள் என் வீட்டில்.
ரிப்பேர் செய்தால் அடுத்த வாரமே தண்ணீர் தெளியும். மூன்று மாதத்தில் மறுபடி இதே கதை. மாட்டேன். இந்தத் தடவை மாட்டேன்.

16/6 திங்கள்
பம்பைப் பிரித்தது பிரித்தபடியே வாங்கிவந்து ஆபீஸ் கவுண்டரில் வைத்தோம். துருத் தண்ணீர் வழிந்தது. வழியட்டும்.
கிராணி: “அக்கா, உங்களுக்குத் தெரியாததா? நீங்க கை வச்சா ஓடும் லா.”
இத்தனை வருஷமும் இந்தப் பேச்சில்தான் மயங்கினேன். “எனக்கு ரிப்பேர் தெரியாது” என்றேன். பச்சைப் பொய். நாக்கு கூசியது.
“பம்பு ஓடலன்னா குளத்தில மண்ணக் கொட்டச் சொல்லிருவாரு மேனேஜர்.”
“கொட்டட்டும். நானும் பிள்ளைங்களும் அதுங்க அம்மாமாரும் உள்ள நிப்போம். எங்க தலையில கொட்டச் சொல்லு.”
புதுப் பம்பு கேட்டு நாளைக்கு எழுதுகிறேன் என்றான். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். “இப்பவே எழுது தம்பி. எனக்கு வேற வேலையில்ல.”
எழுதினான். வாங்கிப் படித்தேன். ‘விரைவில்’ என்று இருந்தது. அடித்துவிட்டு ‘இந்த வாரத்துக்குள்’ என்று எழுதவைத்தேன். கடிதத் தட்டில் போடக் கை நீட்டினான். கொடுக்கவில்லை. நானே எடுத்துப் போய் மேனேஜர் கதவைத் தட்டினேன்.