கோலுக்கு ஆர்?

மோர்டன், லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

கல்லூரி உதைபந்தாட்ட அணியில் சேர்ந்துவிட்டேன். பயிற்சியாளர் விக்னேஸ்வரன் அண்ணை எப்போதும் தாக்கித்தான் ஆடவைப்பார். அதைக் கேள்விப்பட்டே இம்முறை பெரிய கூட்டம் சேர வந்தது. எல்லோருக்கும் கோல் அடிக்க ஆசை. அண்ணை, “கோலுக்கு ஆர்?” என்று கேட்டார். அடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து முந்திக் கையை உயர்த்தினேன்.

“அப்ப நீர்தான் கோல் கீப்பர்” என்று கையுறையைத் தந்துவிட்டார்!

நேற்று வென்றோம். பயிற்சியில் பந்து பட்டு என் விரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அம்மாவிடம் சொல்லாமல் பார்சலில் நல்லெண்ணெய் வையுங்கள். ஆட்டத்தில் மற்றப் பெடியள் அங்கே கோல் அடித்துக் கட்டிப்பிடிக்க, நான் இங்கே கோல் கம்பத்தைத் தட்டிக்கொடுத்தேன்.

பயிற்சிக்கு நேரமாகிறது. சனிக்கிழமை ஆட்டத்தின்போது எனக்குப் போன் எடுங்கள் அப்பா. அண்ணையின் ஆட்டத்தில் பந்து என் பக்கம் வராது, ஆறுதலாகப் பேசலாம்.

தர்சிகன்