கதவுத் தாழ் விஷயம்

பெங்களூர்
14-11-1986

அன்புள்ள சலோமிக்கு,

ஆண்டவர் கிருபையில் நலமாயிருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி? இந்தக் கடிதத்தில் ஒரு எழுத்துகூட வேறு ஆள் கை இல்லை. எல்லாம் நானே எழுதியது. மூன்று நாள் ஆனது!

நான் காவலிருக்கும் கல்லூரியில் செவ்வாயன்று கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டரைத் திரும்பக் கிளப்பியவர்கள் பாதுகாப்புக் கட்டளையைத் தட்ட மறந்துவிட்டார்கள். மத்தியானம்வரை அதற்குள் இருந்த பரீட்சைக் கேள்வித்தாள் எல்லோருக்கும் திறந்து கிடந்ததாம். எனக்குப் பேச்சு விழவில்லை, பயப்படாதே.

அந்த மெஷினையே நடத்தும் புரோகிராமுக்குக் கெர்னல் என்று பேர். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் எட்வின் சார் அதைப் புதிதாகக் கட்டிவிட்டுச் சொன்னார்: "காவலை உள்ளயே வெச்சுக் கட்டிட்டேன் பெரியவரே. இனிமே கிளப்பும்போது யாரும் மறக்க முடியாது."

"தொறக்கணும்னா இன்னா சார் பண்ணுவீங்க?"

"மறுபடி முழுசா கட்டணும்."

உடனே நம் வீட்டுக்கு ஆசாரி செய்யப்போகும் புதுக்கதவு நினைவு வந்தது. நான் ஏரியில் மீன் பிடித்துவிட்டு விடியலில் வருவேனே, அந்தப் பழக்கத்தில் இன்னும் தாழ் போடாமல் தூங்குகிறாயாமே? உன் தங்கை சொல்லி அனுப்பினாள். சாத்தியதும் தானே விழுகிற தாழாக வைத்துச் செய்ய ஆசாரியிடம் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு, நான் வந்து வெளியே நிற்பதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம், கையால் போடும் தாழே இருக்கட்டும். தினமும் மறக்காமல் போடு.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் மடவைக் கருவாடு கொடுத்தனுப்பு. தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி மட்டும் தாழ் போடாதே.

உன்
ஞானதாஸ்