தோட்டுக்கு இடம் விடாத ஹெட்போன்

அன்புள்ள கோமதி அப்பாவுக்கு,

அன்புள்ளன்னு போட்டுத்தான் ஆரம்பிக்கணும்னு மாப்பிள்ளை சொல்லிட்டார். போட்டாச்சு. உங்களுக்கு வருஷத் திதி வருது. நினைவஞ்சலின்னு தாள் அச்சடிச்சு உறவுக்காரங்களுக்கெல்லாம் கொடுக்கப் போறாராம். "அத்தை, மாமாவைப் பத்தி நல்லதா நாலு வரி எழுதிக் கொடுங்க"ன்னு தாளும் பென்சிலும் வச்சுட்டுப் போனார். நான் மூணாங்கிளாஸோட நின்னவ. நாலு வரியில அடக்கிச் சொல்ல எனக்குத் தெரியாது. நல்லதா சொல்லவும் வரல.

அதனால உங்களுக்கே நேரா எழுதிடுறேன். படிக்கிறவங்க படிக்கட்டும். உங்க அக்கா பட்டம்மா கட்டாயம் படிக்கட்டும்.

நேத்து மத்தியானம் நம்ம கோமதி திருச்சி ரேடியோவுல தாலாட்டுப் பாடினா. தனியா, அவ ஒருத்தி மட்டும். அதை நான் எப்படிக் கேட்டேன்னு சொல்லத்தான் பென்சிலை எடுத்தேன். அதுக்கு முன்னால அந்த ஹெட்போன் விஷயத்தைத் தீர்த்துக்கணும். உங்களுக்கு அது மறந்திருக்கும். வேண்டாததை மறக்கிற வரம் வாங்கி வந்தவரு நீங்க. எனக்கு அந்த வரம் கிடைக்கல.

உலகச் சண்டை முடிஞ்சு, பட்டாளத்துச் சாமானெல்லாம் ஏலத்துல வந்து மார்க்கெட் பக்கம் பாய் கடையில குவிஞ்சு கிடந்த காலம் அது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல உங்ககூட வேலை பார்க்கிற கூட்டாளி யாரோ சொல்லிக் கொடுத்தாருன்னு, கரண்டு இல்லாம பாடுற ரேடியோ ஒண்ணு பண்ணுனீங்க. சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பலகை. அதுல ஒரு கல்லு, கல்லைத் தொட்டுக்கிட்டே இருக்க ஊசி மாதிரி ஒரு கம்பி. மொட்டை மாடிக்கு ஒரு ஒயரு, கிணத்தடிக்கு ஒரு ஒயரு. எல்லாம் தயார். அந்தச் சின்னச் சத்தத்தைக் காதுக்குக் கொண்டுவர ஒரு ஹெட்போன் மட்டும் பாக்கி.

அதுக்கு நீங்க அலைஞ்ச அலைச்சல் இருக்கே! ஞாயித்துக்கிழமை ஆனா ஸ்ரீரங்கத்துலேர்ந்து சைக்கிள்ல பாலம் தாண்டிப் போயிடுவீங்க. கடையில இருக்கிறதை ஒண்ணொண்ணா மாட்டுறது, கழட்டுறது. மூடியைத் திருகி உள்ள இருக்கிற தகட்டை எடுத்துப் பார்க்கிறது. காந்தம் அதைக் கெட்டியாப் பிடிக்குதான்னு கவுத்துப் பார்க்கிறது. தலைப்பட்டை இறுக்குதா, தளர்ந்து வழியுதா, ஒயருல நூல் பிரிஞ்சிருக்கான்னு தடவித் தடவிப் பார்க்கிறது. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் அதே பேச்சு. என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னிக்குப் பஜ்ஜி ஆறறதுக்குள்ள முடிவு சொல்லிட்டு எழுந்து போனவருதானே நீங்க?

ஒரு ஞாயித்துக்கிழமை நானும் கூட வந்தேன். கோமதிக்கு வேண்டிக்கிட்டது ஒண்ணு இருந்துச்சு. மலைக்கோட்டை ஏறிட்டுத் திரும்புற வழியில கடைக்குள்ள நுழைஞ்சீங்க. பாய் ரெண்டு ஹெட்போனை எடுத்து முன்னால வச்சார். ஒண்ணு கறுப்பா, தட்டையா, வடைத்தட்டு மாதிரி. காது மேலேயே உட்காருறது. இன்னொண்ணுக்குச் சுத்தி உப்பலாத் தோல் மெத்தை. ஏரோப்ளேன் ஓட்டினவங்க போட்டதுன்னார்.

நீங்க உங்க பரீட்சையை ஆரம்பிச்சீங்க. ஓட்டைக் காலணாவை நாக்குல நனைச்சு ஒரு ஒயரை அதுல வச்சு, இன்னொரு ஒயரை நாக்குல தொடுறது. நல்ல ஹெட்போனா இருந்தா அதுக்கே காதுல சத்தம் வருமாம். கடைக்கு வந்தவங்கெல்லாம் உங்களை வேடிக்கை பார்த்தாங்க. எனக்குத் தலையைக் கொண்டுபோய் எங்கே வச்சுக்கிறதுன்னு தெரியல.

"இதுல 'டக்'குன்னு கேக்குது பாய். மெத்தை வச்சதுல 'டப்'புன்னுதான் கேக்குது" அப்படின்னீங்க.

"டக்கோ டப்போ, அது உங்க காது சொல்றது. அம்மாவையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. வீட்டுல அவங்களும் கேப்பாங்கல்ல?" அப்படின்னார் பாய்.

கறுப்பை என் தலையில மாட்டுனீங்க. மாட்டின உடனே தோடு அமுங்கி, திருகு காதுக்குப் பின்னால முள்ளு மாதிரி ஏறுச்சு. "ஸ்ஸ்"ன்னு கையை வச்சேன். பாய் அதைக் கழட்ட வச்சுட்டு, மெத்தை வச்சதை நீட்டினார். அது தோட்டைத் தொடவே இல்ல. காதைச் சுத்தி அணைச்ச மாதிரி உட்கார்ந்துச்சு. கடைச் சத்தம், வண்டிச் சத்தம் எல்லாம் ஒரு நிமிஷம் எங்கேயோ போயிடுச்சு. என் மூச்சு எனக்கே கேட்டுச்சு. கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்துல அப்படி ஒரு அமைதி எனக்குக் கிடைச்சதில்ல.

"அம்மாவுக்கு இதுதான் தோது" அப்படின்னார் பாய்.

"தோல் வேர்க்கும் பாய். அதுவும் இல்லாம இவ என்ன கேக்கப் போறா? அடுப்படியை விட்டு வந்தாத்தானே!"

"நீங்க வரவிட்டா வருவாங்க" அப்படின்னார் அந்த மனுஷன். சிரிக்காமத்தான் சொன்னார்.

நீங்க கறுப்பைத்தான் எடுத்தீங்க. வர்ற வழியில சைக்கிள் பின்னால உட்கார்ந்து கேட்டேன், "அது குத்துதே"ன்னு. "போடப் போடப் பழகிடும்டி"ன்னீங்க. என்னங்க பழகும்? காதா, தோடா?

பொய் சொல்லமாட்டேன். நல்ல ஹெட்போன்தான் அது. பக்கத்துல உட்கார்ந்து பாடுற மாதிரி இருக்கும்னு நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி மாஞ்சு போவீங்க. இத்தனை வருஷத்துல ஒயருல நூல் பிரிஞ்சதைத் தவிர ஒரு குறை வரல. உங்க காதுக்கு அது நூத்துக்கு நூறு. ஆனா ஒரு வீட்டுக்கு வாங்குற சாமானை ஒருத்தர் காதை வச்சு மட்டும் நல்லதுன்னு முடிவு பண்ணலாமா?

அப்புறம் கோமதி ஸ்கூல்ல படிக்கிறப்போ, ரேடியோவுல பிள்ளைங்க நிகழ்ச்சியில பாடக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அன்னிக்கு நம்ம வீட்டுல திருவிழா. ஹெட்போன்ல ஒரு காதை நீங்க வச்சுக்கிட்டீங்க. மறு காதைத் திருப்பி உங்க அக்காவுக்குக் கொடுத்தீங்க. அவங்க அப்பவே தோட்டைப் பொண்ணுக்குப் போட்டுட்டு வெறும் பொட்டு மாதிரி ஒண்ணுதான் போட்டிருந்தாங்க. அவங்களுக்கு எது குத்தப் போகுது?

என் முறை வந்தப்போ குத்து தாங்காம ஒரு விரல் தள்ளிப் பிடிச்சேன். தள்ளிப் பிடிச்சா கொசு பாடுற மாதிரி இருந்துச்சு. "ஒரு தோட்டைக் கழட்டிட்டுக் கேக்கட்டுமா?"ன்னேன்.

உங்க அக்கா எகிறிக் குதிச்சாங்க. "அடி இவளே! என் தம்பி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கான், அவன் எதிர்லேயே காதை மூளியாக்கப் போறியா?"

நீங்க என்ன பண்ணுனீங்க? எழுந்து போய்ப் பித்தளைத் தவலையை எடுத்துட்டு வந்து, ஹெட்போனை அதுக்குள்ள போட்டீங்க. "இப்ப எல்லாருக்கும் கேக்கும்"னு பெருமை வேற. கேட்டுச்சு. தவலைதான் பாடுச்சு. பிள்ளைங்க கூட்டமாப் பாடுறாங்கன்னு தெரிஞ்சுச்சு, என் பிள்ளை குரல் எதுன்னு தெரியல. நான் அதுக்குள்ள தலையை விட்டுத் தேடிக்கிட்டு இருக்கும்போதே நிகழ்ச்சி முடிஞ்சு போச்சு. கோமதி வீட்டுக்கு வந்து, "அம்மா, நடுவுல நான் மட்டும் ஒரு வரி பாடினேனே, கேட்டியா?"ன்னா. நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கிட்டேன்.

நீங்க போனது தை மாசம். அதுக்கு முன்னால படுத்துக்கிடந்த நாள்ல, உங்க கை நடுங்குச்சுன்னு கல்லுல ஊசியை நான்தான் வச்சுப் பிடிச்சேன். ஹெட்போன் உங்க தலையில. எனக்கு ஒண்ணும் கேக்காது. உங்க முகத்தைப் பார்ப்பேன். நெத்திச் சுருக்கம் விட்டுச்சுன்னா பாட்டு வந்துடுச்சுன்னு அர்த்தம், அங்கேயே ஊசியை நிறுத்துவேன். அப்பவாவது ஒரு நாள், "நீயும் கேளேன் செண்பகம்"னு சொல்லியிருக்கலாமே?

கருமாதி அன்னிக்குத் தாலியைக் கேட்டாங்க. கொடுத்துட்டேன். அது நீங்க கட்டினது. பூவும் குங்குமமும் போச்சு. அப்புறம் உங்க அக்கா என் காதுகிட்ட கையைக் கொண்டுவந்தாங்க. நான் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"இது எங்க அப்பா போட்டது. லால்குடியில வாழைத்தோட்டத்துல முதுகொடிஞ்சு போட்டது. உங்க தம்பி கொடுத்ததை எடுத்துக்கிட்டீங்கல்ல, அதோட விடுங்க."

"ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். இந்தத் தோட்டைக் கழட்டக் கூடாதுன்னு அன்னிக்குச் சொன்னதும் நீங்கதான். கழட்டுன்னு இன்னிக்குச் சொல்றதும் நீங்கதான். என் காதைப் பத்தி நான் எப்பதான் பேசுறது?"

அன்னியிலேர்ந்து அவங்க நம்ம வாசப்படி மிதிக்கல. எனக்கும் நிம்மதியா இருந்துச்சு.

இப்போ கோமதிக்குப் பையன் பிறந்திருக்கான். உங்க மூக்கு. மாப்பிள்ளைக்குத் திருவெறும்பூர்ல புதுசா வந்த ஃபாக்டரியில வேலை. கோமதி தொட்டிலாட்டிப் பாடுறதைக் கேட்டு யாரோ சொல்லி, ரேடியோவுல மாதர் நிகழ்ச்சியில பாடச் சொல்லியிருக்காங்க. சேதி தெரிஞ்சதும் உங்க அக்கா ஆள் அனுப்பினாங்க. பொன்மலை குவார்ட்டர்ஸ்ல அவங்க பையன் பெரிய ரேடியோ வாங்கி வச்சிருக்கானே, லைட்டெல்லாம் எரியுமே, அதுல வந்து கேக்கலாமாம். "நாலு சுமங்கலிங்க வருவாங்க, காதை முறையா வச்சுக்கிட்டு வரச் சொல்லு"ன்னு கூடவே ஒரு வால்.

போகல. வீட்டுல என்ன இருக்கு? உங்க சோப்புப் பெட்டியும் அந்தக் கறுப்பு ஹெட்போனும்தான். ரெண்டு பக்கமும் என்னைக் கழட்டத்தான் சொல்லுது. அங்க போனா தோத்துப் போறேன். இங்கேயே இருந்தா மறுபடியும் கொசுப்பாட்டு. பிள்ளை வந்து, "கேட்டியாம்மா?"ன்னு கேப்பா. ரெண்டாவது தடவையும் அடுப்பைப் பார்க்க முடியுமா?

கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்து யோசிச்சேன். உங்க அக்காவுக்கு ஒரு காதைத் திருப்பிக் கொடுப்பீங்களே, அது ஞாபகம் வந்துச்சு. கேக்கறதுக்கு ஒரு காது போதுமே! திருகு அத்தனை வருஷமா இறுகிக் கிடந்துச்சு. தேங்கா எண்ணெய் விட்டு, புடவைத் தலைப்பால பிடிச்சு, வலது காதுத் தோட்டை நானே கழட்டினேன். யாரும் சொல்லல. யாருக்காகவும் இல்ல, என் பிள்ளை குரலுக்காக. இடது தோடு அதோட இடத்துலேயே இருந்துச்சு. அந்தப் பக்கத்து ஹெட்போன் வட்டத்தை வெளியே திருப்பிவிட்டேன், வலதை அமுத்திக்கிட்டு ஊசியைக் கல்லுல வச்சேன். உங்க முகம் இல்லாம எந்த இடம்னு எப்படித் தெரியும்னு பயந்தேன். கைக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

கோமதி பாடினா. நீங்க சொன்னது நிஜம்தான், பக்கத்துல உட்கார்ந்து பாடுற மாதிரியேதான் இருந்துச்சு. மூச்சு இழுக்கிறது கூடக் கேட்டுச்சு. தாலாட்டுன்னா தாத்தா, மாமன்னு ஒவ்வொருத்தர் பேரையும் கொண்டுவந்து கட்டிப் பாடுறதுதானே? முதல்ல நீங்கதான் வந்தீங்க.

பொன்மலைத் தாத்தா பூட்டி வச்ச பாட்டுப்பெட்டி, கண்ணே
காவேரிக் காத்தோட கதை சொல்லும் கண்ணுறங்கு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பாட்டுப்பெட்டியாம், கதை சொல்லுமாம். யாருக்குச் சொல்லுச்சு? பெத்தவ தவலைக்குள்ள தலையை விட்டது இவளுக்கு எங்கே தெரியப் போகுதுன்னு, ஹெட்போனைக் கழட்டி வீசப் போனேன். அப்போ அடுத்த அடி வந்துச்சு.

அம்மாச்சி காதுத்தோடு அகல் போல மின்னுதையா, கண்ணே
ஆரு வந்து கேட்டாலும் அணையாது கண்ணுறங்கு.

உள்ளங்கையில ஒரு தோடு, காதுல ஒரு தோடோட உட்கார்ந்திருந்தேன். திருச்சி பூரா கேட்டிருக்கும். பொன்மலையில உங்க அக்கா வீட்டுல, நாலு சுமங்கலிங்க நடுவுல, லைட்டு எரியுற பெரிய ரேடியோவுல, தவலை கிவலை ஒண்ணும் இல்லாம, ஒரு எழுத்து விடாம கேட்டிருக்கும்.

பாட்டு முடிஞ்சதும் வலது தோட்டைப் போட்டுத் திருகை முன்னைவிட இறுக்கினேன். சாயங்காலம் கோமதி பிள்ளையோட வந்தா. வாசல்லேயே "கேட்டியாம்மா?"ன்னா. "ரெண்டாவது அடியில மூச்சு கொஞ்சம் பத்தல"ன்னேன். அவ அழுதுட்டா. குழந்தை என் தோட்டைப் பிடிச்சு இழுத்தான். இழுக்கட்டும்னு விட்டுட்டேன்.

ஒரு வாக்குத் தர்றேன். இந்த ஹெட்போனை விக்கமாட்டேன், யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் மாட்டேன். என் காலம் முடிஞ்சு நான் அங்க வர்றப்போ ரெண்டு தோட்டோடதான் வருவேன். அதுக்குள்ள அந்தத் தோல் மெத்தை வச்சதை எங்கேயாவது தேடி வாங்கி வையுங்க. உங்க நாக்கும் காலணாவும் வேண்டாம். நான் போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன், அது நல்லதா இல்லையான்னு. உங்ககிட்டப் பேசுறதா வேண்டாமாங்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம்.

இப்படிக்கு,
காதுல தோடு போட்டிருக்கிற உங்கள் பெண்டாட்டி,
கோமதியின் அம்மா, செண்பகம்